பெரிய உத்தியோகமும் விசாவும்: பணம் கேட்பவர் ஸ்பான்சர் அல்லர்

(நமது நிருபர்)

கல்லாறு: பொன்முடி மலைப் பாதை ஏறத் தொடங்கும் இடம் கல்லாறு. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக வரும் பஸ் இங்கே சற்று நின்றுவிட்டுத்தான் 22 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறப் புறப்படும். சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களின் லயங்களில், பாட்டன் காலத்தில் தமிழ்நாட்டுச் சீமையிலிருந்து வந்த நம்மவர் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன.

ஆற்றோரத்து டீக்கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டிருக்கிறது. "சப்ளை செயின் துறையில் சீனியர் பதவிகள். ஐரோப்பாவிலும் வளைகுடாவிலும் வேலை. விசா ஸ்பான்சர்ஷிப் உண்டு. ஆறு மாதப் பயிற்சி. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர்கள் அணுகலாம்" என்கிறது அது. அடியில் ஒரு செல்போன் எண். கம்பெனியின் பெயர் இல்லை. லைசென்ஸ் எண்ணும் இல்லை.

டீ குடிக்க வந்த இளைஞர்கள் இருவர் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். முன்பணம் எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரித்தபோது, "அம்மாவுக்கு வர வேண்டிய கிராஜுவிட்டி வந்ததும் கட்டிவிடலாம்" என்று ஒருவர் சொன்னார். இந்த அலசலுக்குக் காரணம் அந்த ஒரு வார்த்தைதான்.

அந்த நோட்டீஸ் நான்கு சங்கதிகளைச் சொல்கிறது. வெளிநாட்டில் இந்தத் துறையில் பெரிய பதவிகள் உண்டு, அது மெய். அதற்கு விசா ஸ்பான்சர்ஷிப் கிடைப்பது உண்டு; அதுவும் மெய். ஆறு மாதப் பயிற்சி போதும், எஸ்.எஸ்.எல்.சி. போதும் என்ற மற்ற இரண்டும் அந்த மெய்களோடு ஒட்டாதவை. இரண்டு மெய்களுக்கு நடுவே இரண்டு பொய்களை வைத்துக் கட்டிய பொட்டலம் என்பதால்தான் படித்த பிள்ளைகளும் ஏமாறுகிறார்கள்.

குட்ஸ் ஷெட்டில் தெரியும் சங்கிலி

சப்ளை செயின் என்ற பெயர் புதிதே தவிர, வேலை பழையது. ரயில்வே குட்ஸ் ஷெட்டில் ஒரு வாரம் இருந்து பார்த்தவருக்கு அது விளங்கிவிடும். ஒரு சிமெண்ட் கம்பெனி வாகன் கேட்டு இண்டென்ட் போடுகிறது. சரக்கு ஏறியதும் ஆர்.ஆர். என்னும் ரயில்வே ரசீது பிறக்கிறது. ரேக் வந்து சேர்ந்ததும், சலுகை நேரத்துக்குள் இறக்காவிட்டால் டெமரேஜ். இறக்கிய மூட்டையை ஷெட்டிலிருந்து எடுக்காவிட்டால் வார்ஃபேஜ். லாரி வராவிட்டால் அங்கே கூலியாட்கள் சும்மா நிற்க வேண்டும். கடையில் கொத்தனார் காத்திருக்க வேண்டும். இன்று இவை பெரும்பாலும் கம்ப்யூட்டரில் நடந்தாலும், வேலையின் தன்மை மாறவில்லை.

ஷெட்டில் இருக்கும் குமாஸ்தா இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் பார்க்கிறார். கொள்முதல், கிடங்கு, ரயில், கப்பல், சுங்கம், கடை என்று எல்லாக் கண்ணிகளையும் ஒரே பார்வையில் வைத்துக்கொண்டு தீர்மானம் எடுப்பவர்தான் சப்ளை செயின் தலைமை அதிகாரி.

அவருடைய மதிப்பு நெருக்கடியில் தெரியும். 2021 மார்ச் மாதத்தில் "எவர் கிவன்" என்ற கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியை அடைத்தது. 2023 இறுதியிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பல கம்பெனிகள் தங்கள் கப்பல்களை ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி அனுப்பின. அதனால் பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. காத்திருப்பதா, சுற்றிப் போவதா, அவசரச் சரக்கை மட்டும் விமானத்தில் ஏற்றுவதா? இந்தக் கேள்விக்கு அன்று மாலைக்குள் விடை சொல்ல வேண்டும். தவறினால் கோடிக்கணக்கில் நஷ்டம்.

அந்தத் தீர்மானத்தை எடுக்கும் திறமை ஆறு மாத டிப்ளமோவில் வருவதில்லை. கிடங்கிலும் துறைமுகத்திலும் கொள்முதல் பிரிவிலும் பத்து, பதினைந்து வருஷம் பழகியவருக்குத்தான் வரும். அப்படிப்பட்டவர் உள்ளூரில் கிடைக்காதபோதுதான் ஒரு கம்பெனி கடல் கடந்து ஆள் தேடுகிறது. தேவை கம்பெனியுடையது. ஆகவே செலவும் கம்பெனியுடையது.

ஸ்பான்சர் என்பவர் யார்?

ஸ்பான்சர் என்றால் நம் ஊரில் விசா வாங்கித் தருபவர் என்று நினைக்கிறார்கள். அது சரியல்ல. எந்தக் கம்பெனி வேலை கொடுக்கிறதோ, அந்தக் கம்பெனிதான் ஸ்பான்சர். "இந்த ஆள் எங்களுக்குத் தேவை, இவருக்கு நாங்கள் பொறுப்பு" என்று தன் நாட்டு அரசுக்கு அது உறுதி கொடுக்கிறது. நடுவில் நிற்பவர் யாராயினும் அவர் ஏஜெண்ட் மட்டுமே.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். ஸ்பான்சர் செய்ய லைசென்ஸ் பெற்ற கம்பெனிகளின் பட்டியலை அந்நாட்டு உள்துறை வெளிப்படையாகவே பிரசுரிக்கிறது. யார் வேண்டுமானாலும் இன்டர்நெட்டில் பார்க்கலாம். திறன் தொழிலாளர் விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 2024 ஏப்ரலில் வருஷத்துக்கு 38,700 பவுண்டு ஆக உயர்ந்தது. 2025 ஜூலை 22 முதல் 41,700 பவுண்டு ஆயிற்று. அதே நாளிலிருந்து, பட்டப்படிப்புக்குச் சமமான தகுதி வேண்டிய வேலைகளுக்கே பெரும்பாலும் இந்த விசா என்றும் தரத்தை உயர்த்திவிட்டார்கள். கம்பெனி கட்ட வேண்டிய ஸ்பான்சர் லைசென்ஸ் கட்டணத்தையும் ஸ்பான்சர்ஷிப் சான்றுக் கட்டணத்தையும் தொழிலாளியிடமிருந்து திரும்ப வசூலிக்கக் கூடாது என்ற விதி 2024 டிசம்பர் இறுதியில் வந்தது.

அமெரிக்காவில் வேறொரு வழி இருக்கிறது. எல்-1 விசா என்று பெயர். ஒரே கம்பெனியின் வெளிநாட்டுக் கிளையில், கடந்த மூன்று வருஷங்களுக்குள் ஒரு வருஷமாவது தொடர்ந்து வேலை பார்த்த நிர்வாகியை அமெரிக்கக் கிளைக்கு மாற்றிக்கொள்ள அது இடம் தருகிறது. சென்னையிலோ கொச்சியிலோ ஒரு பன்னாட்டுக் கம்பெனியில் வளர்ந்தவர் இந்த வழியில் போகலாம். மற்றொரு விசாவான எச்-1பி-யின் புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அந்நாட்டு ஜனாதிபதி அறிவித்தார். அவ்வளவு பணம் கட்டி ஆறு மாத டிப்ளமோக்காரரை எந்தக் கம்பெனி அழைக்கும் என்று சிந்திக்க வேண்டாமா?

வளைகுடாவிலும் சட்டம் இதையே சொல்கிறது. ஐக்கிய அரபு நாட்டின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஆள் எடுக்கும் செலவை முதலாளி தொழிலாளியிடம் நேராகவும் வாங்கக் கூடாது, மறைமுகமாகவும் வாங்கக் கூடாது.

மூன்று நாடுகளின் விதிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவு கிடைக்கிறது. உண்மையான ஸ்பான்சர் தன் செலவில் அழைக்கிறவர். "ஸ்பான்சர்ஷிப்புக்கு இவ்வளவு லட்சம்" என்று கேட்பவர் ஸ்பான்சராக இருக்க முடியாது.

கங்காணியும் துண்டுச் சீட்டும்

மலையில் இருக்கும் நம்மவர்களுக்கு இந்தப் பாடம் புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. நம் பாட்டன்மாரைத் தோட்டத்துக்கு அழைத்து வந்தவர் கங்காணி. அவர் முன்பணம் கொடுத்தார். அந்தக் கடன் தீரும்வரை ஆளைக் கட்டிப்போட்டார். இலங்கைத் தோட்டங்களில் "துண்டு" என்றொரு வழக்கம் இருந்தது. பழைய தோட்டத்தில் கடன் பாக்கி எவ்வளவு என்று காட்டும் அந்தச் சீட்டு இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. 1921-ல்தான் அது சட்டப்படி ஒழிந்தது.

வளைகுடாவின் "கஃபாலா" முறையும் பல காலம் இதே மாதிரிதான் நடந்தது. முதலாளியின் சம்மதக் கடிதம் இல்லாமல் வேலை மாற முடியாது. சில நாடுகளில் ஊருக்குத் திரும்பவும் முடியாது. கத்தார் 2020-ல் சம்மதக் கடித விதியை நீக்கியது. சவூதி அரேபியா 2021 மார்ச்சில் வேலை மாறவும் நாட்டை விட்டுப் போகவும் இருந்த தடைகளைத் தளர்த்தியது. ஆனால் வீட்டு வேலைக்காரர்களை அந்தச் சலுகையில் சேர்க்கவில்லை.

மேல்நாட்டிலும் இந்தக் கயிறு முழுதாக அறுந்துவிடவில்லை. பிரிட்டனில் ஸ்பான்சர் செய்த வேலை போய்விட்டால், பொதுவாக 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சரைத் தேடிக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். பெரிய உத்தியோகஸ்தருக்கும் இதே விதிதான். அனுபவமும் பெயரும் உள்ளவர் 60 நாளில் இன்னொரு இடம் பிடித்துவிடுவார். கடன் வாங்கிப் போனவர் முதலாளி சொன்னதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியவர் ஆகிறார். அந்தக் காலத்தில் கங்காணி கடன் கொடுத்துக் கட்டினார். இந்தக் காலத்தில் நாமே கடன் வாங்கிக் கட்டிக்கொள்கிறோம்.

பத்தாம் வகுப்பும் பாஸ்போர்ட்டும்

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. 1983-ஆம் ஆண்டு எமிகிரேஷன் சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால், குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி வேண்டும். அவருடைய ஒப்பந்தமும் சம்பளமும் அங்கே பரிசீலிக்கப்படும். பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. படித்தவர் தம்மைத் தாமே பார்த்துக்கொள்வார் என்பது அதிலுள்ள நினைப்பு.

இதை எழுதுபவனும் பத்தாம் வகுப்போடு நின்றவன்தான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு ஓர் ஆங்கில ஒப்பந்தத்தின் பொடி எழுத்துகளைப் படித்துப் புரிந்துகொள்ள முடியும் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியவில்லை. ஆக, கொத்தனாராகப் போகும் அண்ணனின் ஒப்பந்தத்தை அரசு பார்க்கிறது; "மேனேஜர்" என்று போகும் தம்பியின் ஒப்பந்தத்தை யாரும் பார்ப்பதில்லை.

அந்த 18 நாடுகளுக்குப் போகும் படித்தவர்களும் முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும் என்று மத்திய அரசு 2018 நவம்பரில் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும் அம்மாதமே அதை நிறுத்தி வைத்தது. விருப்பமுள்ளவர்கள் பதியலாம் என்ற அளவோடு விஷயம் நின்றுவிட்டது. லைசென்ஸ் இல்லாமல் ஆள் பிடிப்பவருக்கு 1983-ஆம் ஆண்டுச் சட்டம் விதிப்பது இரண்டு வருஷம் வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும். லட்சக்கணக்கில் சுருட்டுபவருக்கு இரண்டாயிரம் ரூபாய் அபராதம் ஒரு பொருட்டா? மோசடி வழக்கு தனியாக வரலாம்; அது முடிவதற்குள் குடும்பம் நொடித்துப் போகும். புதிய சட்டத்துக்கான வரைவு மசோதாவை மத்திய அரசு 2025-ல் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டது. பெரிய பதவியின் பெயரைச் சொல்லி அழைக்கப்படும் பத்தாம் வகுப்புக்காரரை அது காக்குமா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

கண் முன்னே கண்ட வலைகள்

பதவியின் பெயரைச் சொல்லி வலை விரிப்பது கற்பனை அல்ல. தாய்லாந்தில் "டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்" வேலை என்று சொல்லி இளைஞர்களை மியன்மாருக்குக் கடத்துகிறார்கள் என்று வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. அப்படிச் சிக்கியவர்கள் இன்டர்நெட் மோசடி வேலை செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 2025 மார்ச்சில் இந்திய விமானப் படை விமானங்கள் இரண்டில் 500-க்கும் மேற்பட்டோர் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள்.

நம் மாவட்டத்துக் கடற்கரையான அஞ்சுதெங்கிலிருந்தே, செக்யூரிட்டி வேலை என்று நம்பி ரஷ்யா போன இளைஞர்கள் 2024-ல் போர்முனையில் நின்ற செய்தியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வழக்கில் திருவனந்தபுரத்துக்காரர்கள் சிலரையும் சி.பி.ஐ. கைது செய்தது.

வெளிநாடே வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. 2023-ஆம் ஆண்டுக் கேரளக் குடிபெயர்வு ஆய்வின்படி, இம்மாநிலத்தவர் சுமார் 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணம் வருஷத்துக்கு 2 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பணம் இங்கே வீடாகவும் படிப்பாகவும் மாறியிருப்பதை மறுக்க முடியாது. போகும் வழி எது என்பதுதான் கேள்வி.

ஏணியின் முதல் படி எங்கே?

கல்லாற்றிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், இதே மாவட்டத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் இருக்கிறது. 2015-ல் ஒப்பந்தமாகி, 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல் வந்து, 2025 மே 2-ந் தேதி பிரதமரால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சர்வதேசக் கப்பல் பாதைக்கு மிக அருகில், 18 மீட்டருக்குக் குறையாத இயற்கை ஆழத்தோடு அமைந்திருப்பது அதன் பலம். உலகின் மிகப் பெரிய கண்டெய்னர் கப்பல்களில் ஒன்றான "எம்.எஸ்.சி. இரினா" 2025 ஜூனில் இங்கே வந்து நின்றது.

ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மாறிச் செல்லும் இந்தியச் சரக்கில் ஏறத்தாழ முக்கால் பங்கு கொழும்பு, சிங்கப்பூர் போன்ற வெளிநாட்டுத் துறைமுகங்களில்தான் மாற்றப்பட்டு வந்தது. அதில் ஒரு பகுதி இங்கே வந்தால், அதைக் கவனிக்கும் வேலையும் இங்கே வர வேண்டும். பாலராமபுரத்திலிருந்து துறைமுகத்துக்கு 10.7 கிலோமீட்டர் ரயில் பாதைக்குத் திட்டம் இருக்கிறது. அதில் 9 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம். அது முடியும்போது கிடங்கு, லாரி, சுங்கம், ரயில் என்று பல கண்ணிகள் நம் வீட்டு வாசலுக்கே வந்துவிடும்.

இதையும் மிகைப்படுத்திச் சொல்லக் கூடாது. அங்கே கிரேன்கள் பெரும்பாலும் தானியங்கி. பழைய துறைமுகங்களைப்போல் ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்க மாட்டார்கள். கடற்கரை மக்களின் குறைகளும் உண்டு. 2022-ல் மீனவர்கள் நூறு நாளுக்கு மேல் போராடினார்கள். ஆயினும் அறையில் உட்கார்ந்து அந்தக் கிரேன்களை இயக்குவோரில் உள்ளூர்ப் பெண்கள் இருக்கிறார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. அவர்கள் யாரும் விசாவுக்குப் பணம் கட்டி அந்த நாற்காலியில் உட்காரவில்லை. பயிற்சி பெற்று உட்கார்ந்தார்கள்.

படிப்புக்கும் நேர்வழிகள் இருக்கின்றன. பிளஸ் டூவும் பட்டமும் முடித்தவர்களுக்கு, 2008-ல் நிறுவப்பட்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் சென்னையிலும் கொச்சியிலும் துறைமுக நிர்வாகப் படிப்புகள் நடத்துகிறது. வேலையில் இருந்துகொண்டே படிக்க விரும்புவோருக்கு, புது டில்லியில் ரயில் போக்குவரத்து நிறுவனம் தபால் வழி டிப்ளமோ தருகிறது. விழிஞ்ஞத்திலேயே கேரள அரசின் "அசாப்" நிறுவனத்தின் திறன் பயிற்சி மையம் உள்ளது. இவை எதுவும் ஆறு மாதத்தில் சீனியர் ஆக்குவதாகச் சொல்வதில்லை. அதுவே இவற்றை நம்பலாம் என்பதற்கு அடையாளம்.

கிடங்கில் கணக்கு எழுதத் தொடங்கி, துறைமுகத்தில் ஐந்து வருஷம், ஒரு பெரிய கம்பெனியின் கொள்முதல் பிரிவில் ஐந்து வருஷம் என்று ஏறியவரை நாளை துபாயும் லண்டனும் தாமே கூப்பிடும். அப்போது டிக்கெட்டும் விசாவும் கூப்பிடுபவர் செலவு.

செய்ய வேண்டியவை

நோட்டீசைப் பார்த்ததும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். வேலை கொடுக்கும் கம்பெனியின் பெயர் என்ன? ஏஜெண்டின் லைசென்ஸ் எண் என்ன? பணம் எதற்கு? லைசென்ஸ் பெற்ற ஏஜெண்டுகளின் பெயர்களை வெளியுறவு அமைச்சகத்தின் "இ-மைகிரேட்" தளத்தில் சரிபார்க்கலாம். அவர்கள்கூட 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் தவிர வேறு சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. வாங்கியதற்கு ரசீது தர வேண்டும்.

திருவனந்தபுரம் தைக்காட்டில் நோர்க்கா மையத்தில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அலுவலகம் இருக்கிறது. அது மத்திய அரசு அலுவலகம். மலையாளம் சரளமாக வராது என்று நம்மவர் கூச்சப்பட்டு ஒதுங்கக் கூடாது. தமிழில் எழுதியாவது புகார் கொடுக்க வேண்டும். அரசே நடத்தும் ஆள் அனுப்பும் நிறுவனங்களும் உண்டு. கேரளத்தில் "ஒடெபெக்" 1977 முதலும், தமிழ்நாட்டில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதலும் இயங்கி வருகின்றன.

அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. தோட்டங்களிலும் கடற்கரையிலும் உள்ள பள்ளிகளில், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கொடுக்கும் அன்றே, அந்தச் சான்றிதழ் பாஸ்போர்ட்டில் எந்தப் பாதுகாப்பை நீக்குகிறது என்பதையும் தமிழிலும் மலையாளத்திலும் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரு மணி நேர வேலை அது.

கிராஜுவிட்டிக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: வருஷத்துக்கு 15 நாள் கூலி. முப்பது வருஷம் கொழுந்து கிள்ளிய தாய்க்கு 450 நாள் கூலி. லயத்து வீடும் தமதல்ல, நிலமும் தமதல்ல என்ற குடும்பத்துக்கு ஒரே முதல் அந்த 450 நாள் கூலிதான். பெயர் இல்லாத ஒரு செல்போன் எண்ணுக்கு அதை அனுப்புவதற்கு முன்னால், தைக்காடு வரை ஒரு பஸ் டிக்கெட் எடுப்பது பெரிய செலவு ஆகாது.